தத்துவ வகுப்பை எங்கிருந்து தொடங்குவது? பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கு ஓர் ஒப்பீடு

கரும்பலகையில் ‘தத்துவம்’ என்று எழுதிவிட்டு, “இதப் பார்த்ததும் என்னப்பா ஞாபகம் வருது?” என்று கடலூரிலோ பாண்டியிலோ ஒரு பிளஸ் டூ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஆட்டோவின் முதுகில் எழுதிய வரி, பழைய படத்துச் சோகப் பாட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிகாலையில் வந்து விழும் பொன்மொழி. “சும்மா தத்துவம் பேசாதடா” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரலும் நிச்சயம் வரும். சொற்பொழிவு கேட்டு வளர்ந்த பிள்ளை ஒன்று இருந்தால் “முப்பத்தாறு தத்துவம்” என்று சொல்லும். அதுவும் இந்த மண்ணின் பதில்தான். திருவதிகை மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம், மாணவன் கேட்க ஆசிரியர் சொல்லும் வடிவில் சைவ சித்தாந்தம் எண்ணிச் சொல்லும் அந்த 36 கூறுகளைத்தான் விளக்குகிறது.

இங்கே பேசப்போவது இன்னொரு பொருளில் வரும் தத்துவத்தை. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார். அதற்கு என்ன காரணம், அந்தக் காரணம் அவர் சொன்னதைத் தாங்குமா, தாங்காவிட்டால் எதைக் கைவிடுவது? இந்த வேலையைச் செய்வதுதான் தத்துவம். நீச்சலைப் போல, இறங்கிச் செய்யாமல் வராது. எந்த வழியில் கற்பிப்பது என்ற முடிவு சிக்கலாவதற்கும் அதுவே காரணம். பாடமாக நடத்த வசதியான வழிகளில் பயிற்சி குறைவு. பயிற்சி தரும் வழிகளில் பாடம் கையில் நிற்காது.

கணக்குக்கு ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். 15 முதல் 19 வயதுக்குள் 16 மாணவர்கள். வாரம் ஒரு சனிக்கிழமை, 90 நிமிடம், 12 வாரம். மொத்தம் 18 மணி நேரம். நூலகத்தின் ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஜெராக்ஸ் எடுக்கக் கொஞ்சம் காசு. நடத்துபவர் கல்லூரி ஆசிரியராகவோ, படிக்கும் பழக்கமுள்ள பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம்.

வரலாற்று வரிசை

பெரும்பாலோர் கை முதலில் போவது இதற்குத்தான். தேலீஸில் தொடங்கி சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டெகார்ட், ஹியூம், கான்ட்; இன்னொரு பக்கம் சார்வாகம், பௌத்தம், சமணம், நியாயம், வேதாந்தம், சித்தாந்தம். குறிப்பு தயாராக இருக்கும், ஒரே ஆள் பேசினால் போதும். குடிமைப் பணித் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுப்பவருக்கு இதுதான் சரியான வழி, அதில் சந்தேகமே வேண்டாம். அங்கே 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். முதல் தாளே தத்துவத்தின் வரலாறும் சிக்கல்களும்தான்.

மற்றவர்களுக்கு 18 மணி நேரம் எப்படிக் கரையும் என்று பாருங்கள். கிரேக்கர்களுக்கே நான்கு வாரம் போய்விடும். இந்தியத் தரிசனங்கள் பத்தாம் வாரத்தில் அவசரமாக வந்து போகும். முடிவில் மாணவனுக்குப் “பிளேட்டோ இப்படிச் சொன்னார், கான்ட் அப்படிச் சொன்னார்” என்று ஒப்பிக்கத் தெரியும். பிளேட்டோ சொன்னது சரியா என்று கேட்டால் முழிப்பான், ஏனென்றால் அந்தக் கேள்வியை அவனிடம் ஒரு தடவைகூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பட்டிமன்றம்

கூட்டம் சேரும், பிள்ளைகள் பேசுவார்கள், பெற்றோருக்கும் பிடிக்கும். இருந்தாலும் இதைத் தொடக்கமாக வைக்க வேண்டாம். பட்டிமன்றத்தில் எந்த அணி என்பது முதலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எதிரணி சொன்ன நல்ல காரணத்தைக் கேட்டு மனம் மாறுகிறவன் அங்கே தோற்றவன். தத்துவ வகுப்பில் அவன்தான் அன்றைக்கு அதிகம் கற்றவன். நம் ஊர்ப் பிள்ளைகளைப் பேசவைப்பது பெரிய பாடில்லை. எதுகை மோனையோடு கைதட்டலுக்குப் பேசும் பழக்கத்தை நிறுத்திவைப்பதுதான் பாடு. பன்னிரண்டு வாரமும் முடிந்த பிறகு வேண்டுமானால் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சுப் பள்ளியின் எழுத்து முறை

பாண்டியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இன்றும் இங்கே நடக்கிறது. பிரெஞ்சுக் கல்வி முறையில் பள்ளி இறுதியாண்டில் தத்துவம் கட்டாயம். பொதுப்பிரிவு மாணவருக்கு வாரம் 4 மணி நேரப் பாடம், ஆண்டு முடிவில் 4 மணி நேரத் தேர்வு. இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குக் கட்டுரை எழுதலாம், அல்லது கொடுத்த ஒரு பத்தியை விளக்கி எழுதலாம்.

இந்த முறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் பக்கம் ஒன்றைத்தான். கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதக் கூடாது. கேள்வியில் உள்ள சொற்களைப் பிரித்து, இரண்டு எதிரெதிர் பதில்களும் நியாயமாகத் தோன்றுவது ஏன் என்று காட்டி, அதன் பிறகுதான் உள்ளே போக வேண்டும். கேள்வியைச் சிக்கலாக மாற்றிக்காட்டும் இந்த ஒரு பக்கம் எழுத வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முழு முறையையும் தூக்கி வந்தால் என்ன ஆகும்? நம்முடைய 18 மணி நேரம் அங்கே நாலரை வாரப் பாடம். அதற்குள் மூன்று பகுதிக் கட்டுரையின் எலும்புக்கூடுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடும். முதல் பகுதி ‘ஆம்’, இரண்டாம் பகுதி ‘இல்லை’, மூன்றாம் பகுதி ‘இரண்டும் சரிதான்’. அந்த மூன்றாம் பகுதியைப் படித்தால் பட்டிமன்ற நடுவர் தீர்ப்பு வாசிப்பது போலவே இருக்கும்.

கேள்வி வட்டம்

அமெரிக்காவில் மாத்யூ லிப்மன் 1970-களில் நியூ ஜெர்சியின் மான்ட்கிளேரில் சிறுவர்களுக்காக வளர்த்தெடுத்த முறை இது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, தாங்களே கேள்வி உண்டாக்கி, தாங்களே ஆராய்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும். நடத்துவதற்கு இந்தப் பட்டியலிலேயே கடினமானது இதுதான்.

90 நிமிடத்தைப் பிரிப்பது இப்படி: ஒரு பக்கக் கதையோ, படமோ, செய்தியோ 10 நிமிடம். மும்மூன்று பேராகக் கூடிக் கேள்வி எழுத 10. கேள்விகளைப் பலகையில் போட்டு வாக்கெடுக்க 5. விவாதம் 45. அவரவர் நோட்டில் எழுத 15. மிச்சம் 5 நிமிடம் நாற்காலி இழுப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் போய்விடும். வாக்கெடுப்பில் ஆளுக்கு இரண்டு ஓட்டு, கண்ணை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். கண் திறந்திருந்தால் நண்பனின் கேள்விதான் ஜெயிக்கும். கூகுளில் தேடினால் பதில் வந்துவிடும் கேள்வியை ஓட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். 20 பேருக்கு மேல் வந்துவிட்டால் உள்வட்டம், வெளிவட்டம் எனப் பிரித்து, வெளியே இருப்பவர்களை யார் எந்தக் காரணம் சொன்னார் என்று குறிப்பெடுக்கச் சொல்லலாம்; பாதி நேரத்தில் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

எதை வைத்துத் தொடங்குவது? ஏதென்ஸில் பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் இன்னும் அதே கப்பல்தானா என்ற கேள்வியைத்தான் உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகிறார்கள். பாண்டிக்காரருக்கு அது எதற்கு? துறைமுகத் தடுப்புச் சுவர் வந்த பிறகு நகரக் கடற்கரையின் மணல் அரித்துப் போனது. கருங்கல் கொட்டினார்கள். பின்னால் கடலுக்குள் தடுப்பு அமைத்ததும் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் மறுபடி சேர்ந்தது. இப்போது இருப்பது தாத்தா காலத்தில் இருந்த அதே கடற்கரையா?

வட்டத்தில் இது இப்படிப் போகும். “அதேதான் சார், எடம் மாறலியே” என்று ஒருவன் சொல்வான். “மணல் மொத்தமும் புதுசு, அப்பறம் எப்படி அதே பீச்சு?” என்பாள் இன்னொருத்தி. இந்த இடத்தில் சும்மா விட்டால் 20 நிமிடத்துக்குள் “அவங்கவங்க கருத்து அவங்கவங்களுக்கு” என்ற வாக்கியம் வந்து வகுப்பு படுத்துவிடும். கேள்வி வட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பேச்சு நடந்திருக்கும், ஒரு காரணத்தைக்கூட யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் 12 நூற்பாக்களையும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கருத்து), ஏது (அதற்கான காரணம்), எடுத்துக்காட்டு என்று பிரித்தே நிறுவுகிறது. மணிமேகலையின் 29-ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அதே உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் வரக்கூடிய போலிகளையும், அதாவது சரி போலத் தோன்றும் பிழைகளையும், எண்ணிக் காட்டுகிறது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. சித்தாந்தத்தையோ பௌத்தத்தையோ ஏற்கிறோமா என்பது வேறு பேச்சு. கருவி மட்டும் போதும். பலகையில் மூன்று கட்டம் போட்டு முதல் பையன் சொன்னதை அதில் இறக்குங்கள்.

மேற்கோள்: இது அதே கடற்கரை.
ஏது: இடம் மாறாததால்.
எடுத்துக்காட்டு: மண் ரோடு சிமென்ட் ரோடானாலும் அதே தெருதான், அதுபோல.

எழுதி முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எடம் மாறாம இருந்தும், அதே பொருளா இல்லாத ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.” யாராவது சொல்லிவிடுவார்கள்: ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் பேங்க் கட்டினால், இடம் அதேதான், வீடு அது இல்லையே. அதாவது இந்த ஏது, மேற்கோள் பொருந்தாத இடத்திலும் போய் நிற்கிறது. இதன் பெயர் அநைகாந்திகம். அடுத்து அந்தப் பெண் சொன்னதை இறக்குங்கள். ஏது: மணல் மொத்தமும் புதியது. அது தெரிந்த விஷயமா? அரித்துப்போன மணலில் கொஞ்சம் திரும்பியும் வந்திருக்கலாம் அல்லவா? ஏதுவே இன்னும் நிறுவப்படவில்லை. அது அசித்தம். மூன்றாவது வகையான விருத்தத்துக்கு எப்போதும் சிரிப்பு வரும் உதாரணம் கையில் இருக்கட்டும்: “அவன் சொந்தமா முடிவெடுத்தான், ஏன்னா அண்ணன் சொன்னத அப்படியே செஞ்சான்.” சொன்ன காரணம் எதிர்முடிவைத்தான் நிறுவுகிறது.

பதினான்கு ஏதுப்போலிகளும் வேண்டாம், இந்த மூன்று குடும்பம் போதும். முழுப் பட்டியலையும் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள், நாம் மறுபடி முதல் வழிக்கே போய்ச் சேருவோம்.

வட்டத்தின் மற்ற கோளாறுகள் சின்னவை, கைவைத்தியம் போதும். இரண்டு பையன்களே பேசிக்கொண்டிருந்தால் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு தடவை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும், தீர்ந்தால் கேட்க மட்டும்தான். பெண் பிள்ளைகள் பேசத் தயங்கினால் பேச்சுக்கு முன்னால் இரண்டு நிமிடம் எழுதவிட்டு, எழுதியதை வாசிக்கச் சொல்லலாம். எல்லோரும் ஆசிரியர் முகத்தையே பார்த்துப் பேசினால், எழுதும் வேலையை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு வட்டத்திலேயே, அதே உயர நாற்காலியில் உட்காருங்கள். “எங்க மாமா வீட்ல ஒரு தடவ…” என்று கதை நீண்டால், “சரிம்மா, இது எந்த மேற்கோளுக்கு எடுத்துக்காட்டு?” என்று கேட்டால் கதை தானாக முடிந்துவிடும்.

நூலை நடுவில் வைத்துப் படிப்பது

ஒரு சிறு பகுதியை 16 பேரும் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பது. அளவு முக்கியம்: 90 நிமிடத்துக்கு ஒன்றரைப் பக்கம், அதற்கு மேல் கூடாது. செய்யுள் என்றால் 15 முதல் 20 அடி.

மணிமேகலை 27-ஆம் காதை இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. வஞ்சியில் மணிமேகலை அளவைவாதி தொடங்கிப் பத்துச் சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியாக வருபவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லத்தையும் மற்றதையும் சேர்த்தால் எவற்றிலும் தனியாக இல்லாத போதை பிறக்கிறது அல்லவா, அதுபோல நிலம், நீர் முதலான பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கும் என்கிறான். கண்ணால் கண்டதே அளவை (அறியும் வழி), அனுமானம் செல்லாது என்றும் சொல்கிறான். தன் முற்பிறப்பு தெரியும் என்று மணிமேகலை சொன்னதைத் தெய்வ மயக்கு, கனவு என்று தள்ளுகிறான். அவள் திருப்பிக் கேட்கிறாள்: உன் தந்தையும் தாயும் யார் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய்?

வகுப்பு கைதட்டும். தட்டட்டும். தட்டி முடித்ததும் மறுபடி மூன்று கட்டம் போடுங்கள். பூதவாதி சொன்னவை இரண்டு: ஒன்று, உணர்வு பூதக் கூட்டத்தில் பிறப்பது, இரண்டு, காட்சி மட்டுமே அளவை. மணிமேகலையின் கேள்வி எதைத் தாக்குகிறது? இரண்டாவதை மட்டும். கள்ளின் உவமையை அது தொடவே இல்லை. கதாநாயகி ஜெயித்துவிட்டாள் என்று நினைத்த பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். 15 நிமிடம் ஆனாலும் சரி, முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். யார் பேசினார் என்பதை விட்டு என்ன நிறுவப்பட்டது என்று பார்க்கும் பழக்கம் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பிறக்கிறது.

இன்னொரு நல்ல பகுதி பிளேட்டோவின் மெனோ உரையாடலில் வரும் சதுரக் கணக்கு. இதற்குத் தாளே வேண்டாம், தரையும் சாக்பீஸும் போதும். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்துக் கோடு சேர்த்தால் பக்கம் 2, பரப்பு 4. இதைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் போடு என்று சொல்லுங்கள். பக்கத்தை இரட்டிப்பாக்கி 5 புள்ளி வரிசை போடுவார்கள். பரப்பு 16 ஆகிவிடும். திரும்பி வந்து பக்கம் 3 வைப்பார்கள், 9. அதன் பிறகு வரும் அமைதிதான் பாடம். தெரியும் என்று நினைத்தது தெரியவில்லை என்று தெரியும் நேரம் அது. கோலம் போட்டுப் பழகிய கை ஒன்று, ஐந்து புள்ளிச் சதுரத்தின் நான்கு பக்க நடுப்புள்ளிகளையும் சாய்த்துச் சேர்க்கும். பரப்பு சரியாக 8. பித்தாகரஸ் தேற்றம் படித்தவன் எடுத்த எடுப்பில் “ரூட் எட்டு” என்று சொல்லிவிட்டால், “சரி, அந்த நீளத்த அளக்காம வரைஞ்சு காட்டு” என்று சாக்பீஸை அவனிடமே கொடுங்கள்.

எதையும் கற்பிக்க முடியாது என்பதே உண்மையான கற்பித்தலின் முதல் நெறி என்று, 1910-இல் பாண்டிக்கு வந்து சேர்ந்த அரவிந்தர் எழுதினார். மெனோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச நல்ல வரி. சில ஆசிரியர்கள் இதைத் தயாரிப்பே இல்லாமல் வருவதற்குச் சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மெனோவில் சாக்ரட்டீஸ் ஒவ்வொரு கேள்வியையும் எங்கே வைப்பது என்று தெரிந்துதான் கேட்கிறார்.

நூல் வழியில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று மொழி. அருஞ்சொல் பொருளை முன்கூட்டியே ஓரத்தில் அச்சிட்டுக் கொடுக்காவிட்டால் 90 நிமிடமும் தமிழ் வகுப்பாக முடிந்துவிடும். இன்னொன்று சமயம். சைவக் குடும்பத்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை, வீட்டில் பெரியார் படம் மாட்டிய பிள்ளை எல்லோரும் ஒரே வட்டத்தில் இருப்பார்கள். ‘இது உண்மையா’ என்ற கேள்வியை முதல் மாதம் தள்ளி வைத்து, ‘இந்த ஏது இந்த மேற்கோளைத் தாங்குகிறதா’ என்பதை மட்டும் கேட்டால் யாருக்கும் மனம் நோகாது. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்ற சண்டையில் எழுந்த அருட்பா மருட்பா வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனதே, ‘ஒரு பாட்டை அருட்பா என்று அழைக்க என்ன வேண்டும்’ என்பது வரையறைக்கு அருமையான கேள்வி. அதற்காக முதல் வாரமே எடுத்துவிடாதீர்கள். வடலூருக்குப் பூசத்துக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கும். ஏழாம் எட்டாம் வாரம், ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கிய பிறகு எடுக்கலாம்.

அப்படியானால் எது?

தேர்வுக்குப் படிப்பவர்கள் மட்டும் என்றால் வரலாற்று வரிசை. லிசேயில் படிக்கும் பிள்ளைகளுக்குத் துணை வகுப்பு என்றால் எழுத்து முறை. கலந்த கூட்டத்துக்கு, கேள்வி வட்டத்தில் தொடங்கி நூலுக்குப் போவதே நல்லது என்பது எங்கள் முடிவு. தலைகீழாகச் செய்தால் நூல் சொன்னதே பதில் என்று ஆகிவிடுகிறது. கையில் ஒரு கேள்வியோடு நூலுக்கு வருகிறவன் நூலோடும் சண்டை போடுவான்.

வாரக்கணக்கில் சொன்னால்: முதல் நான்கு வாரம் வட்டம், மூன்று கட்டப் பலகை இரண்டாம் வாரத்தில் அறிமுகம், போலிகள் நான்காம் வாரத்தில். ஐந்தாம் வாரம் சதுரக் கணக்கு. ஆறில் பூதவாதி. ஏழு, எட்டில் வரையறைக் கேள்விகள். ஒன்பது, பத்தில் பிரெஞ்சு முறையின் அந்த முதல் பக்கம், 200 சொல்லுக்கு மிகாமல். ஜூன் நடுவில் தொடங்கினால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிந்துவிடும். காலாண்டுத் தேர்வும் வராது, ஐப்பசி அடைமழையும் வராது. கடலூரில் அக்டோபரில் தொடங்கும் வகுப்பு புயல் விடுமுறைக்குத் தப்பாது.

கடைசி இரண்டு வாரத்துக்கு ஒரே வேலை. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பகுதியை வைத்து, மறுக்கப்போகும் 14 கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. அதே வரிசையில் மாணவரும் எழுத வேண்டும். தனக்குப் பிடிக்காத ஒரு கருத்தை எடுத்து, அதன் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டை அரைப் பக்கம் எழுதி, அந்தக் கருத்தை உண்மையிலேயே நம்பும் இன்னொரு மாணவனிடம் காட்ட வேண்டும். “ஆமா, நான் சொல்றது இதுதான்” என்று அவன் ஒத்துக்கொண்ட பிறகே மறுப்பை எழுதலாம். முதல் தடவையிலேயே ஒப்புதல் கிடைப்பது அபூர்வம். இரண்டு, மூன்று தடவை திரும்பி வரும் என்பதால் பதினோராம் வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கி வையுங்கள். வெள்ளைத் தாளும் கொஞ்சம் அதிகமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.